எலும்பு வெட்டும் ரோபோவுக்கு 6 மி.மீ. பர்: ஃபீட் குறைச்சா சூடு இன்னும் ஏறுது, ஏனுங்க?

குறிச்சி_டூல்ரூம்

வணக்கமுங்க. குறிச்சி சிட்கோவுல கார்பைடு எண்ட்மில், ரீமர் கிரைண்டிங் பண்ற யூனிட் நம்மளுது. பெரும்பாலும் அலுமினியம் டை, பம்ப் இம்பெல்லர் பேட்டர்ன் வேலைக்குத்தான் டூல் போகும். இப்ப ஒரு காலேஜ் லேபுக்கு, முழங்கால் மூட்டு மாற்றும் ரோபோ கையில மாட்ட பால் பர் (உருண்டைத் தலை வெச்ச, எலும்பைச் சீவற சின்ன கட்டர்) செஞ்சு கேக்கறாங்க. இப்போதைக்கு மாட்டுத் தொடை எலும்புலதான் டெஸ்ட் நடக்குது.

பர்: 6 மி.மீ. பால், கார்பைடு, 8 பல், ரேக் (பல்லோட முன்முகச் சாய்வு) மைனஸ் 5 டிகிரி, ஹெலிக்ஸ் (பல் முறுக்கிப் போற கோணம்) 20. ஷாங்க் (தண்டு) 4 மி.மீ., காலெட்டுக்கு (தண்டைப் பிடிக்கற வாய்) வெளிய 60 மி.மீ. நீளம்.
ஓட்டறது: 60,000 ஆர்பிஎம், ஃபீட் (பர் நகர்ற வேகம்) வினாடிக்கு 10 மி.மீ., ஆழம் 1, ஸ்டெப் ஓவர் (அடுத்தடுத்த பாதைக்கு நடுவுல இடைவெளி) 1. சலைன் (உப்புத் தண்ணி) ஊத்தறது கையால சிரிஞ்சுல.

பிரச்னை ரெண்டு. வெட்டுன சுவத்துல இருந்து அரை மி.மீ. உள்ள வெச்ச தெர்மோகப்பிள் 60 டிகிரி தாண்டுது, எலும்பு பழுப்பாகி முடி கருகுன வாசம் வருது. சூட்டைக் குறைக்க ஃபீடை 5க்கு இறக்குனா இன்னும் மோசம். ரெண்டாவது, கெட்டியான பக்கம் 0.3 மி.மீ. வரைக்கும் வெட்டாம மேடா நிக்குது, மெதுவான பக்கம் அளவு சரியா வருது. ரேக்கை மாத்தணுமா, கோட்டிங் போடணுமா, எங்க இருந்து ஆரம்பிக்கறதுங்க?

கணபதி_கிரைண்டர்

கோட்டிங்கை அப்புறம் பாக்கலாம் தம்பி. மொதல்ல ஒரு பல் எவ்வளவு சீவுதுன்னு கணக்குப் போடுங்க. வினாடிக்கு 10 மி.மீ.ன்னா நிமிஷத்துக்கு 600. 60,000 சுத்து, 8 பல்லுன்னா நிமிஷத்துக்கு 4,80,000 வெட்டு. 600ஐ அதால வகுத்தா ஒரு பல்லுக்கு 1.25 மைக்ரான். ஸ்டெப் ஓவர் 1 மி.மீ.தான், அதனால சிப்போட உண்மையான கனம் அதுலயும் முக்கால்வாசிதான்.

கிரைண்டிங் வீல்ல இருந்து இறக்குன புது கார்பைடு பல்லோட முனை ரேடியஸே 4, 5 மைக்ரான் இருக்கும். கோட்டிங் போட்டா 8, 10ன்னு இன்னும் மழுங்கும். அஞ்சு மைக்ரான் முனையால ஒரு மைக்ரான் சீவ முடியாது, அது எலும்பை அமுக்கித் தேய்ச்சுட்டுப் போகும். ஃபீடை 5 ஆக்குனீங்க, சிப் 0.6 மைக்ரான் ஆச்சு, ஒரே எடத்துல தேய்க்கற நேரம் ரெண்டு பங்கு ஆச்சு. சூடு ஏறாம என்ன பண்ணும்.

அலுமினியத்துல இதே தப்பு வெளிய தெரியாது. அலுமினிய அலாய் பெரும்பாலும் 100 வாட்/மீட்டர்-கெல்வினுக்கு மேல சூட்டைக் கடத்திட்டு ஓடிரும். கெட்டி எலும்பு 0.5 சுமாருக்குத்தான் கடத்தும். சுவத்துல விழுந்த சூடு அங்கயே உக்காந்துக்கும், சிப்போட சேந்து வெளிய போனாத்தான் உண்டு. சிப்பே இல்லாம மாவு மட்டும் வந்தா சூடு எதைப் புடிச்சுட்டு வெளிய போகும்?

நான் வெச்சா இப்படித்தான் வெப்பேன்: 3 பல், 20,000 ஆர்பிஎம், வினாடிக்கு 15 மி.மீ. பல்லுக்கு 15 மைக்ரான் வரும். விட்டத்துல கட்டிங் ஸ்பீடு நிமிஷத்துக்கு 377 மீட்டர், எலும்புக்கு அது தாராளம்.

ரேக் பிளஸ் 8ல இருந்து 10. முதல் கிளியரன்ஸ் (பல்லோட முதுகுச் சாய்வு) 12 டிகிரி வையுங்க, ஸ்டீலுக்கு வெக்கற மாதிரி 6, 7 வேண்டாம். எலும்பு அமுங்கி மேல எழும்பும், கிளியரன்ஸ் கம்மியா இருந்தா பல்லோட முதுகு தேயும். முனையை லேசா ஹோன் பண்ணி (உரசி மழுக்கி) விடுங்க. பிளேடு மாதிரி கூரா விட்டா கார்பைடு பொடிப்பொடியா உதிரும், உதிர்ற எடம் மூட்டுக்குள்ள. புளூட் (பல்லுக்கு நடுவுல இருக்கற பள்ளம்) ஆழமா இருக்கணும், அடி பாலிஷ் ஆகணும். எலும்பு மாவும் மஜ்ஜைக் கொழுப்பும் சேந்தா ஆட்டுக்கல்லுல ஒட்டுன மாவு மாதிரி அப்பிக்கும். புளூட் அடைச்ச பர் வெறும் உருண்டைதான்.

ரன் அவுட்டை (சுத்தறப்ப வர்ற ஆட்டம்) மறந்துடாதீங்க. காலெட் வாய்ல டயல் கேஜ் வெச்சுப் பாத்துட்டு நல்லாருக்குன்னு விட்டுருவாங்க. பாலோட இடுப்புல, 60 மி.மீ. வெளிய, அங்க பாக்கணும். டயல் 0.03 காட்டுனா 15 மைக்ரான் சிப்புக்கு கிட்டத்தட்ட ஒரே பல்தான் வேலை செய்யும், மத்த ரெண்டும் சும்மா சுத்தும். 0.01க்குள்ள கொண்டாங்க.

பாலோட நட்ட நடு முனையில கட்டிங் ஸ்பீடே கிடையாது. பரை எலும்புக்கு நேர் செங்குத்தா வெச்சு ஓட்டுனா அந்தப் புள்ளி வெறுமனே அமுக்கும். 15, 20 டிகிரி சாய்க்கச் சொல்லுங்க. 15 சாய்ச்சாலே தொடற எடத்துல விட்டம் 1.5 மி.மீ. சுமாருக்கு வந்துரும்.

எலும்பியல்_ஈரோடு

கணபதி அண்ணன் கணக்கோடு மருத்துவப் பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் அஞ்சுவது 47 டிகிரி, ஒரு நிமிடம் என்ற எல்லையை. எரிக்சன், ஆல்பிரெக்ட்சன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1983இல் முயல் காலெலும்பில் பார்த்துச் சொன்ன அளவு அது. அதற்கு மேல் போனால் எலும்பு செல்கள் செத்து, அந்த அடுக்கு பிறகு கரைகிறது. வெப்பம் கூடக்கூட, தாங்கும் நேரம் வேகமாகக் குறையும். சிமெண்ட் வைத்து ஒட்டும் மூட்டில் ஓரளவு தப்பிக்கலாம். சிமெண்ட் இல்லாமல் எலும்பு உள்ளே வளர்ந்து பிடிக்க வேண்டிய வகையில், உலோகத்தை ஒட்டிய அந்த மெல்லிய அடுக்குதான் எல்லாமே. செத்த அடுக்கு கரைந்து மூட்டு ஆட ஆரம்பித்து, அசைவு 150 மைக்ரானை ஒட்டிப் போனால் எலும்புக்குப் பதில் நார்த்திசு வளரும்.

ஆகவே சராசரி வெப்பத்தைவிட, ரோபோ எங்கே தயங்கி நிற்கிறது என்று பாருங்கள். மூலையில் திரும்பும்போதும், பாதையைத் திரும்பக் கணக்கிடும்போதும், கால் அசைந்து டிராக்கர் (இடம் அறியக் கேமரா பார்க்கும் குறி) மறையும்போதும் கை நிற்கும், பர் சுற்றிக்கொண்டே இருக்கும். எலும்பு கருகுவது பெரும்பாலும் அங்கேதான். கை நின்றால் பர் 1 மி.மீ. பின்வாங்க வேண்டும், அல்லது சுழற்சி நிற்க வேண்டும். இதைக் கட்டுப்பாட்டு மென்பொருளிலேயே எழுதச் சொல்லுங்கள்.

உங்கள் டெஸ்டில் எலும்பின் ஆரம்ப வெப்பம் எவ்வளவு? அறையில் வைத்த எலும்பு என்றால் 28 டிகிரியில் தொடங்கியிருப்பீர்கள். உடலில் 37. அந்த 9 டிகிரியைக் கூட்டினால் உங்கள் 60 என்பது 69. எலும்பைச் சலைனில் நனைத்த துணி சுற்றி மைனஸ் 20இல் வையுங்கள். வெட்டுவதற்கு முன் 37 டிகிரி சலைன் தொட்டியில் முழுக்கச் சூடேற்றுங்கள். காய்ந்த எலும்பு உடையும் விதமே வேறு, அதில் எடுத்த விசை, வெப்பம் எதுவும் பயன்படாது. இன்ஃப்ராரெட் கேமராவையும் நம்ப வேண்டாம். அது மேலே ஓடும் சலைனின் வெப்பத்தைத்தான் காட்டும்.

தொடை எலும்பின் நடுத்தண்டு மட்டும் போதாது. மூட்டுமுனையையும் வெட்டுங்கள். நம்மிடம் வரும் வளைந்த முழங்கால்களில் கீழ்க்கால் எலும்பின் உட்பக்க மேடை தேய்ந்து இறுகிப்போயிருக்கும், வெளிப்பக்கம் பஞ்சு மாதிரி இருக்கும். ஒரே பாஸில் பர் இரண்டையும் கடக்க வேண்டும். உங்கள் 0.3 மி.மீ. மேடு அந்த வகைச் சிக்கல்தான். காரணத்தை ரோபோ ஆட்கள் சொல்லட்டும்.

சிரிஞ்சால் ஊற்றுவது அறுவைக்கூடத்தில் நடக்காது. பரைச் சுற்றி நிலையான ஸ்லீவ் போட்டு, அதற்கும் ஷாங்குக்கும் இடையே சலைன் இறங்கிப் பல்லின் மீதே விழ வேண்டும். ஸ்லீவுக்கு இன்னொரு வேலையும் உண்டு. திறந்த நிலையில் சுற்றும் ஷாங்க் தசையையும் தசைநாரையும் சுற்றி இழுத்துவிடும். ஆனால் ஸ்லீவின் உள்ளே இருக்கும் பேரிங் சூடானால் அதுவே தோலைச் சுடும். உடலில் 10 நிமிடத்துக்கு மேல் படும் பாகத்துக்கு ஐஇசி 60601-1 (மின் மருத்துவக் கருவிப் பாதுகாப்புத் தரம்) தரும் வரம்பு 43 டிகிரி.

கடைசியாக, இந்தப் பர் எந்த அறுவைக்கு என்று லேபில் கேட்டீர்களா? அண்ணன் சொன்ன வேகத்தில் வினாடிக்கு 15 கன மி.மீ. எலும்புதான் போகும். முழு மூட்டு மாற்றில் கீழ்க்கால் மேடையை மட்டும் சுமார் 3,000 சதுர மி.மீ. பரப்பில் 8 மி.மீ. எடுப்பதாக வைத்தால் 24,000 கன மி.மீ., அதாவது 26 நிமிடத்துக்கு மேல். தொடை எலும்பில் இன்னும் ஐந்து முகம் பாக்கி. காலில் டூர்னிகே (ரத்த ஓட்டத்தை நிறுத்தும் பட்டை) கட்டிய நிலையில் யாரும் அதற்குக் காத்திருக்க மாட்டார்கள். பாதி மூட்டு மாற்றுக்கு என்றால் ஐந்தாறு நிமிடத்தில் முடியும். மேக்கோ ரோபோ பாதி மூட்டுக்குப் பர், முழு மூட்டுக்கு ரம்பம் என்று பிரித்துக்கொண்டது இதனால்தான் என்பது என் கருத்து. 1992இல் இடுப்பு மூட்டில் தொடங்கிய ரோபோடாக் என்ற ரோபோவின் வழிவந்தவை முழுவதையும் மில்லிங்கிலேயே செய்கின்றன. அவற்றுக்குக் கட்டரும் பெரிது, காலையும் கருவியோடு இறுக்கிக் கட்ட வேண்டும்.

பீளமேடு_கன்ட்ரோல்ஸ்

0.3 மி.மீ. மேட்டுக்கு ரோபோவைத் திட்டுறதுக்கு முன்னாடி ஷாங்க்கைப் பாருங்க. 4 மி.மீ. ஸ்டீல் ஷாங்க், 60 மி.மீ. வெளிய, முனையில 10 நியூட்டன் பக்கவாட்டு விசை: வளைவு 0.29 மி.மீ. ஷாங்கும் கார்பைடுன்னா அதுல மூணுல ஒரு பங்கு. உங்க மேடு எவ்வளவுன்னு சொன்னீங்க? 0.3. மெதுவான எலும்புல விசை ரெண்டு மூணு நியூட்டன்தான், அதனால அங்க அளவு சரியா வருது.

ஸ்டீல்லயே 5.5 ஆக்குங்க, வளைவு 0.08க்கு இறங்கிரும். விட்டத்தோட நாலாம் அடுக்கு, நீளத்தோட மூணாம் அடுக்கு வேலை செய்யற எடம் இது. பாலுக்குப் பின்னால 10, 12 மி.மீ. மட்டும் கழுத்தை 4க்கு ஒல்லியாக்கி மீதியைத் தடியா விடுங்க. டாக்டர் சொன்ன ஸ்லீவுல முன் பேரிங்கை பாலுக்கு 15 மி.மீ. பின்னால வெச்சா இன்னும் நல்லது.

அப்புறம் கையோட விறைப்பு. டேட்டாஷீட்ல தேடாதீங்க, அதுல இருக்கறது ரிப்பீட்டபிலிட்டி, விசை இல்லாதப்ப எடுத்தது. வெட்டற போஸ்ல கையை நிறுத்தி, ஸ்பிண்டில் முனையில கயிறு கட்டி கப்பி வழியா 2 கிலோ தொங்க விடுங்க, 20 நியூட்டன் சுமாரு. எதிர்ப்பக்கம் டயல். மூணு திசையிலயும் எடுங்க. 0.4 மி.மீ. காட்டுனா மி.மீ.க்கு 50 நியூட்டன். கை நீட்டுன போஸ்ல ஒண்ணு, மடக்குன போஸ்ல ஒண்ணு காட்டும். எலும்பை எங்க கிளாம்ப் பண்றதுங்கறதை அந்த எண்ணை வெச்சு முடிவு பண்ணுங்க.

அதனாலதான் அண்ணன் சொன்ன 15 மைக்ரானை எல்லா எடத்துக்கும் நான் ஒத்துக்க மாட்டேன். மெதுவான எலும்புல சரி. இறுகுன எலும்புல விசை ஏறி கை நகரும். 8, 10 மைக்ரான்ல ஆரம்பிச்சு, ஸ்பிண்டில் கரண்டையும் ஃபோர்ஸ் சென்சாரையும் பாத்து ஏத்துங்க. கெட்டி வந்தா ஃபீடை மட்டும் குறைக்கற கன்ட்ரோலர் எழுதாதீங்க. ஃபீடும் ஆர்பிஎம்மும் சேந்து எறங்கணும், இல்லாட்டி திரும்பவும் தேய்ப்புக்கே வந்து நிப்பீங்க.

மிஷின்ஷாப் பழக்கம் ஒண்ணை இங்க கொண்டு வராதீங்க: ஸ்பிரிங் பாஸ். ஸ்டீல்ல அளவு வரலைன்னா அதே பாதையில ஆழம் கூட்டாம இன்னொரு தடவை ஓட்டுவோம். எலும்புல அது சுத்தமான தேய்ப்பு. முடிக்கற பாஸுக்குன்னு 0.4, 0.5 மி.மீ. விட்டு வெச்சு முழு சிப்போட வெட்டுங்க.

கிளைம்ப் மில்லிங்கா கன்வென்ஷனலாங்கறதுக்கு சுலபமான பதில் இல்லை. கிளைம்ப்ல சிப் கனமா ஆரம்பிக்கும், சூடு கம்மி, ஆனா தொய்வான கையைப் பர் உள்ள இழுத்துக்கும். கன்வென்ஷனல்ல சிப் பூஜ்யத்துல இருந்து ஆரம்பிக்கும், கொஞ்சம் தேயும், ஆனா கை சாந்தமா இருக்கும். விறைப்பு 50க்குக் கீழன்னா ரஃபிங் கன்வென்ஷனல், ஃபினிஷ் கிளைம்ப்னு பிரிச்சுப் பாருங்க.

ஸ்டெப் ஓவர் 1 மி.மீ.க்கு 6 மி.மீ. பால் விடற வரிமேடு 0.04 மி.மீ.தான். 1.5 வெச்சாலும் 0.1க்குள்ளதான் வரும். சிப்பும் கனமாகும், நேரமும் மிச்சம்.

டூல் முனைக் கணக்குல கோட்டை விடற எடம் பர் மாத்தறது. காலெட்ல பர் எவ்வளவு ஆழம் உக்காருதுங்கறது ஒவ்வொரு தடவையும் 0.2 மி.மீ. மாறுனா மத்த துல்லியம் பூரா வீண். ஷாங்க்ல தோளோ, காலெட் அடியில ஸ்டாப்போ கட்டாயம் வையுங்க. ஹெலிக்ஸ் 30க்கு மேல போனா பர் காலெட்ல இருந்து நழுவி வெளிய வரப் பாக்கும், அதுக்கும் தோள் உதவாது, பிடிதான் வேணும். எலும்புல ஒரு குழி அடிச்சு, வெட்டறதுக்கு முன்னயும் பின்னயும் முனையால தொட்டுப் பாக்கற சோதனையைத் தவிர்க்காதீங்க. பர் சிதறடிக்கற சலைன் டிராக்கர் உருண்டை மேல ஒரு சொட்டு ஒட்டுனாலே கேமரா பாக்கற மையம் நகந்துரும்.

குறிச்சி_டூல்ரூம்

ரொம்ப நன்றிங்க அண்ணா, டாக்டருக்கும் நன்றி. லேபுல கேட்டாச்சுங்க. பாதி மூட்டுக்குப் பர், முழு மூட்டுக்கு ரம்பம், ரெண்டும் வேணுமாமா. ரம்பத்துக்கு 0.9 மி.மீ. தகடு போதும்னு சொல்றாங்க, எலும்பு கம்மியா வீணாகுமாம். சரியா வருமாங்க? பர் கார்பைடுல போறதா, ஸ்டீல்ல போறதா? நம்மகிட்ட 440சி (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வகை) ராடு இருக்குது.

பீளமேடு_கன்ட்ரோல்ஸ்

0.9 வேண்டாம். 25 அகலம், 90 நீளம், முனையில 5 நியூட்டன் செங்குத்து விசை: 1.27 தகடு 1.4 மி.மீ. வளையும், 0.9 தகடு 4 மி.மீ. வளையும். நிஜத்துல எலும்பே ரெண்டு பக்கமும் தாங்கும், இவ்வளவு வராது. ஆனா இறுகுன மேடையில உள்ள நுழையற முதல் தொடுகையில தாங்க ஒண்ணும் கிடையாது, அங்கதான் தகடு வழுக்கி மேல ஏறும். ஏறுன கோணத்துலயே கடைசி வரைக்கும் போகும். ரோபோ ஹோல்டரை முன்னால கொண்டாந்து வெளிய நிக்கற நீளத்தை 60 ஆக்குனா 1.27 தகடு 0.4தான் வளையும். தகட்டைத் தடியாக்கறதை விட இது லாபம். நுழையறப்ப மட்டும் ஃபீடைப் பாதியாக்கி 2 மி.மீ. வாய் போட்டுட்டு அப்புறம் முழு வேகம் குடுங்க.

பல்லோட விரிவு தகட்டுக் கனத்தை விட ரெண்டு பக்கமும் கொஞ்சம் கூட இருக்கணும். இல்லாட்டி தகட்டோட முகம் முழுக்க எலும்புல உரசும், பரை விட அதிக சூடு அதுல வரும்.

மெட்டலர்ஜி_பெருந்துறை

440சி கெட்டி உண்டு, 58 எச்ஆர்சி (கடினத்தன்மை அளவு) வரும். ஆனா கார்பன் ஒரு சதவீதம் இருக்கறதால குரோமியத்துல கணிசமான பங்கு கார்பைடாப் போயிரும், துரு தாங்கறதுக்கு மிச்சம் கம்மி. சலைன்லயும் ஆட்டோகிளேவ்லயும் புள்ளிப்புள்ளியா அரிக்கும், அந்தப் புள்ளியே விரிசலுக்கு வாய். 20,000 ஆர்பிஎம்ல சுத்தற ஒல்லிக் கழுத்துக்கு அது ஆகாது. பேரிங்குக்கு வெச்சுக்கங்க.

ஒரே தடவை பயன்படுத்தித் தூக்கிப் போடற பர்னா 420 ஸ்டீல் போதும், 50ல இருந்து 53 எச்ஆர்சி. வேக்குவம் ஹார்டனிங் கேளுங்க, டெம்பர் 200 டிகிரியை ஒட்டி. ஹீட் ட்ரீட்மென்ட் ஷாப்ல சொல்லாம விட்டா டை ஸ்டீல் பழக்கத்துல 500க்கு ஏத்திருவாங்க. அந்த வெப்பத்துல 420க்கு துரு எதிர்ப்பும் போகும், தாங்கு திறனும் போகும். ஷாங்க், ஸ்லீவ், ஹோல்டர் எல்லாம் 17-4 பிஹெச் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், எச்900 ஹீட் ட்ரீட்மென்ட் நிலையில. கார்பைடு வேணும்னா தலை மட்டும் கார்பைடு, ஷாங்க் ஸ்டீல். முழு கார்பைடு ஷாங்க் வளைவுக்கு நல்லது, ஆனா சாய்ஞ்சு மாட்டுனா முன்னறிவிப்பு இல்லாம ஒடியும். ஒடிஞ்ச துணுக்கு மூட்டுக்குள்ள தங்குனா செயற்கை மூட்டோட புது பாலிஎதிலீன் பிளாஸ்டிக்கை அரைச்சுரும்.

கிரைண்டிங் முடிஞ்சு பேசிவேஷன் (துரு தாங்கற மேல்படலம் உருவாக்கறது): 4ல இருந்து 10 சதவீத சிட்ரிக் அமிலம், 49ல இருந்து 60 டிகிரி, 10 நிமிஷம். அதுக்கு முன்னால எண்ணெய் சுத்தமாப் போகணும். கழுவற தண்ணியில கவனம். நம்ம பக்கம் போர் தண்ணியில உப்பும் குளோரைடும் ஜாஸ்தி. அதுல அலசிட்டு 134 டிகிரி ஆட்டோகிளேவ்ல வெச்சா, நல்ல ஸ்டீல்ல கூட பழுப்புக் கறை படியும், அடியில அரிப்பு ஓடும். சிறுவாணித் தண்ணி மெதுவானதுதான், முதல் அலசலுக்கு ஆகும். கடைசி அலசல் டீஅயனைஸ்டு தண்ணியில மட்டும்.

லாட் நம்பர் லேசர்ல போடறதா இருந்தா பேசிவேஷனுக்கு முன்னால போட்டுருங்க. பின்னால போட்டா அந்த எழுத்து மேலயே துரு பூக்கும்.

எலும்பியல்_ஈரோடு

இப்போது வெட்டுவது மாட்டு எலும்பு. அதைத் தாண்டி மருத்துவமனைச் சோதனைக்கு என்று பர் செய்யும்போது, 2017 மருத்துவக் கருவி விதிகளின்படி எம்டி-12 விண்ணப்பம் போட்டு எம்டி-13 சோதனை உரிமம் வாங்க வேண்டும். விண்ணப்பிக்கப் போவது லேபா நீங்களா என்று இப்போதே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். ஐஎஸ்ஓ 13485 (மருத்துவக் கருவித் தரமுறை) ஆவணங்களை முதல் பரிலிருந்தே எழுதத் தொடங்குங்கள். எந்த ராடு, எந்த ஹீட் (ஸ்டீல் உருக்கிய தொகுதி), எந்த கிரைண்டிங் வீல் என்பதைப் பின்னால் தேடி எழுத முடியாது.

கணபதி_கிரைண்டர்

தம்பி, 3 பல் பர் ரெண்டு மூணு கிரைண்ட் பண்ணி, 37 டிகிரி எலும்புல ஒரே பாதையை 5, 10, 15 மைக்ரான் சிப்புக்கு ஓட்டுங்க. ஒவ்வொண்ணுக்கும் விழுந்த சிப்பைத் தனித்தனியா வடிகட்டி எடுத்து வைங்க. 10 மடங்கு லென்ஸ்ல பாத்தாலே தெரியும்: மாவா இருந்தா தேய்ப்பு, சின்னச் சின்ன சுருளா ஈரமா இருந்தா வெட்டு. தெர்மோகப்பிள் ரீடிங்கோட அதையும் போட்டோ எடுத்து இங்க போடுங்க, ரேக்கை 8ல நிறுத்தறதா 12க்கு ஏத்தறதான்னு அதைப் பாத்துட்டுச் சொல்றேன்.